நாலாம் நம்பர் டிரஃப்பின் சனிக்கிழமை

நடுவட்டத்தில் ஆனி பிறந்துவிட்டால் துவைத்த துணி காயாது. இதை அந்த ஊரில் யாரும் ஒரு செய்தியாகச் சொல்வதில்லை. திங்கட்கிழமை கொடியில் போட்ட பனியனை வெள்ளிக்கிழமை தொட்டுப் பார்த்தால், போட்ட அன்றைக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நனைந்திருக்கும். அடுப்புக்கு மேலே கட்டினால் ஆள் நடந்துபோகும்போது சுட்ட கத்தரிக்காய் நடந்துபோவதுபோல் மணக்கும். இந்த ஈரம்தான் கொர்னேலியஸ் அவர்களின் வாழ்க்கை வரலாற்றில் முதன்மைப் பாத்திரம். கொர்னேலியஸ் அதற்கு அடுத்துத்தான் வருகிறார்.

அன்னாருக்கு வயது ஐம்பத்தேழு. தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் பிறந்தார். எஸ்டேட் பள்ளியில் எட்டாவது வரை படித்தார். இருபத்திரண்டு வயதில் எஸ்டேட் ஃபேக்டரியில் சேர்ந்தார். அதே லைனில் இரண்டு வாசல் தள்ளியிருந்த தபித்தாளைக் கட்டினார். ஒரே மகள் கெஸியா கோயம்புத்தூரில் நர்ஸ். ஒரு வரலாற்றாசிரியனுக்குத் தேவையான போர், படையெடுப்பு, அரசியல் கொலை எதுவும் இந்த வாழ்க்கையில் கிடையாது. ரிட்டயர் ஆகப் பதினோரு மாதம்தான் பாக்கி. கறுப்புப் புள்ளி ஏதுமில்லாமல் ரிட்டயர் ஆகிறவரையும் அவர் மனைவியையும் கடைசிவரை அதே லைன் வீட்டில் இருக்கவிடுவது அந்த எஸ்டேட்டின் வழக்கம். புள்ளி விழுந்தவர்களுக்கு முப்பது நாள் கெடு, அப்புறம் வாசலில் லாரி. கொர்னேலியஸ் அந்தப் பதினோரு மாதத்தையும் ஒரு முட்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல நடந்து கடந்துகொண்டிருந்தார்.

அவருடைய வேலை விதரிங். பறித்து வந்த பச்சை இலையை அப்படியே ரோலரில் போட்டால் துவையலாகிவிடும். முதலில் அது வாட வேண்டும். அதற்காக ஃபேக்டரி மாடியில் அறுபதடி நீளத்தில் நான்கு பெட்டிகள் இருந்தன. டிரஃப் என்று பெயர். மேலே வலை, வலைமேல் ஒரு சாண் உயரத்துக்கு இலை, வலைக்குக் கீழே ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு வெற்றிடம், ஒரு முனையில் ஆளுயர ஃபேன். ஃபேன் அடிக்கிற காற்று கீழ்வெளியில் ஓடி, இலைக்கு நடுவே புகுந்து மேலே வரும். மழைநாளில் ஹீட்டர் அறையிலிருந்து சூடான காற்றையும் அதில் கலந்துவிடுவார்கள். நான்காம் நம்பர் டிரஃப் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. ஆக, மழைக்காலத்து நடுவட்டத்தில் சூடான காற்றின் முகவரி தெரிந்த மிகச் சிலரில் கொர்னேலியஸ் ஒருவர். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், அறுப்பின் பண்டிகை அன்று, சபையின் பாடகர் குழு ஈர அங்கிகளோடு பீடத்தருகே நின்றது. அங்கிகளைத் துவைத்துக் கொடுப்பது தபித்தாளின் ஊழியம். துவைத்தது குற்றமில்லை, காயாததுதான் குற்றம். ஆயர் நீண்ட ஜெபம் செய்தார். பதினான்கு பேரும் முறைவைத்துத் தும்மினார்கள். அடித்தொண்டையில் பேஸ் பாடுகிற பேக்கரி ரெனிஷ் தும்மியபோது ஆயர் இடத்தைத் தவறவிட்டு, ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கொர்னேலியஸ் பதினான்கு அங்கிகளையும் இலைச் சாக்கில் போட்டுக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனார். நாலாம் நம்பரின் பக்கவாட்டில், கூட்டிப் பெருக்குவதற்கென்று வைத்த சின்னக் கதவைத் திறந்து உள்ளே தவழ்ந்தார். கம்பி கட்டினார். தொங்கவிட்டார். கதவைச் சாத்தினார். ஆறு மணிக்கு அங்கிகள் அப்பளமாயிருந்தன.

அன்று தொடங்கியது, ஒரு மழைக்காலமும் தவறவில்லை.

தொங்கவிடுவதிலும் ஒரு வரிசை உண்டு. காலரில் சிவப்பு நூலால் தபித்தாள் பெயர் தைத்திருந்தாலும், ஒரு தடவை மாறிப்போய், குழுத் தலைவி ஜெஸிந்தா பேக்கரி ரெனிஷின் அங்கிக்குள் காணாமல் போய்விட்டார். அதிலிருந்து கோயிலில் நிற்கிற வரிசையிலேயே கம்பியிலும் தொங்க வேண்டும் என்பது தபித்தாளின் கட்டளை. ஃபேன் பக்கத்தில் முதல் அங்கி ஜெஸிந்தாவுடையது, அவர் ஒல்லி. அப்புறம் மற்ற பெண்கள், அப்புறம் உயர்ந்த குரலில் டெனர் பாடுகிற ஆண்கள், கடைசி முனையில் ரெனிஷின் அங்கி, ஒரு சின்னக் கூடாரம். ஜெஸிந்தா வேறு யாருமில்லை, அந்த ஃபேக்டரிக்கே தலைவரான டீமேக்கர் பொன்ராஜின் மனைவி. டீமேக்கர் ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் சாமான் வாங்கக் கூடலூர் பஸ் ஏறிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து, தன் மனைவி காய்ந்த அங்கியில், இளம் தேயிலை வாசத்தோடு பாடுவதைக் கேட்பார். ஊரெல்லாம் ஈரத்தில் கிடக்கும்போது இது எப்படிக் காய்ந்தது என்று பத்தொன்பது வருடமாக அவருக்குத் தோன்றவில்லை. தேயிலை வாசத்தைக் கவனிக்க நடுவட்டத்தில் மூக்கு கிடையாது.

போன ஆனியில் டாக்டர் கீர்த்திவாசன் வந்தார். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பேராசிரியர். குன்னூரிலிருந்த கம்பெனித் தலைமை அலுவலகம் அவருக்கு ஆறு மாத அனுமதி கொடுத்திருந்தது. பெர்ன்ஹில்லில் அறை எடுத்துத் தங்கி, திங்கள் முதல் வெள்ளி வரை வருவார். வெள்ளி சாயங்காலம் கோயம்புத்தூருக்கு இறங்கிவிடுவார். நாலாம் நம்பரில் இலைக்குள்ளும் இலைக்குக் கீழுமாக முப்பத்தாறு சென்சார்களைச் செருகி, அத்தனை ஒயரையும் ஒரு பெட்டிக்குள் விட்டார். பெட்டி ராப்பகலாக எண்களை எழுதிக்கொண்டிருந்தது. முதல் நாளே அவர் கொர்னேலியஸைக் கூப்பிட்டு, தான் வந்த காரியத்தை விளக்கினார். தொழிலாளிக்கும் விஷயம் தெரிய வேண்டும் என்ற உயர்ந்த கொள்கை உடையவர்.

"இந்த இலைப் படுகை இருக்கு பாருங்க, இது ஒரு நுண்துளைப் பொருள். நெறைய சந்து, நெறைய பொந்து. காத்து உள்ள போறப்போ நேரா போகாது. முட்டும், சுழலும், ஒண்ணோட ஒண்ணு மோதும். கொந்தளிப்பு ஓட்டம்னு சொல்வோம். அந்தக் கொந்தளிப்புதான் சூட்டை இலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குது."

கொர்னேலியஸ் தலையசைத்தார். சாந்தமே உருவாக ஃபேன் முன்னால் முப்பத்தைந்து வருடம் நின்றவருக்கு, இத்தனை காலமும் ஒரு கொந்தளிப்பின்மேல்தான் இலை பரப்பியிருக்கிறோம் என்பது லேசான கலக்கத்தைக் கொடுத்தது.

"இலை மட்டுமில்ல," என்றார் பேராசிரியர். "ரொட்டி, செங்கல், பஞ்சு, துணி, எல்லாமே நுண்துளைதான்."

"துணிங்களா?"

"துணியும்தான். ஏன், துணியில என்ன?"

"ஒண்ணுமில்லைங்க சார்."

வீட்டுக்கு வந்த கொர்னேலியஸ் செருப்பைக் கழற்றாமலே, பேராசிரியருக்குத் தெரிந்துவிட்டது என்று மனைவியிடம் அறிவித்தார். தபித்தாள் விசாரித்தார். என்ன சொன்னார்? துணி என்றார். வேறு என்ன சொன்னார்? ரொட்டி என்றார். தபித்தாள் அடுப்பிலிருந்து திரும்பினார்.

"ஏனுங்க, ரொட்டின்னா ரெனிஷையும் சேர்த்தல்ல கண்டுபுடிச்சிருக்கறாரு?"

இந்தக் கோணம் கொர்னேலியஸுக்குத் தோன்றியிருக்கவில்லை. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் சனிக்கிழமை வந்ததும் கை பழக்கத்தில் சாக்கை எடுத்தது. சென்சார்களில் மோதாமல் தவழ்ந்து, பதினான்கையும் தொங்கவிட்டார். பெட்டி எண்களை எழுதிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி பேராசிரியர் இல்லாதபோதும் எழுதும் என்பது அவருக்குத் தெரியாது. வாத்தியார் லீவில் இருந்தால் பள்ளிக்கூடமும் லீவு என்பதே அவர் கல்வி அனுபவம்.

நான்காவது திங்கட்கிழமை கீர்த்திவாசன் லேப்டாப்பும் கையுமாக மாடிக்கு ஓடிவந்தார். டிரஃப் என்று ஒன்று உலகத்தில் உண்டானதிலிருந்து அதற்கு ஒரு பிறவிக்குணம் உண்டு: ஃபேன் பக்கத்து இலை ஈரமாகவே கிடக்கும், கடைசி முனை இலை சருகாகிவிடும். காற்று ஓடிப்போய்க் கடைசிச் சுவரில் முட்டி அங்கேயே மேலே கிளம்புவதால் வருகிற கோளாறு. அதை எப்படித் தீர்ப்பது என்பதற்குத்தான் ஆராய்ச்சியே. வாரத்தில் ஆறு நாள் நாலாம் நம்பர் அந்தப் பிறவிக்குணத்தோடுதான் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை மட்டும், அறுபதடியும் ஒரே சீராக வாடியது. ஒரு வாரம் அல்ல, மூன்று வாரமும்.

கொர்னேலியஸுக்கும் இது தெரியாததல்ல. சனிக்கிழமைகளில் இலையை அதிகம் கிளற வேண்டியிருக்காது. அதை அவர் தேவாலயத்து வஸ்திரத்துக்குள்ள மகிமை என்று எடுத்துக்கொண்டு, வருடங்களுக்கு முன்பே கேள்வியை மூடிவிட்டிருந்தார்.

"சனிக்கிழமை என்ன விசேஷம், மிஸ்டர் கொர்னேலியஸ்?"

"சனிக்கிழமைங்களா? அது வெள்ளிக்கப்புறம் வருதுங்க சார்."

பேராசிரியர் அதையும் குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை எந்தக் காட்டில் இலை எடுத்தார்கள் என்று பார்த்தார். கரண்டு அழுத்தத்தை அளந்தார். ஃபேக்டரியின் நாலு பக்கமும் திசைகாட்டியோடு நடந்தார். 'சனிக்கிழமை விளைவு' என்று பெயர் சூட்டிக் குன்னூருக்கு அறிக்கை அனுப்பினார். குன்னூர் குளிர்ந்தது. டீமேக்கர் பொன்ராஜ் உடனே 'சாட்டர்டே எஃபெக்ட்' என்று வாட்ஸ்ஆப் குழு தொடங்கி, தினமும் காலையில் அதில் பூப்படம் போட்டார். தன் நிர்வாகத் திறமையால் வாரத்தில் நான்கு மணிநேரம் ஃபேக்டரி உலகத் தரத்தில் இருக்கிறது என்பது அவர் கருத்து.

கொர்னேலியஸ் பயந்துபோய் நிறுத்திவிட்டார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு மழைக்காலச் சனிக்கிழமையில் நாலாம் நம்பருக்குள் வெறும் காற்று மட்டும் ஓடியது. மறுநாள் பாடகர் குழு ஈரத்தோடு நின்று, பாட்டை மூன்று இடத்தில் தும்மலால் அறுத்தது. கொர்னேலியஸ் பின்வரிசையில் தலை குனிந்து, கம்பெனிக்கு உண்மையாக இருந்தால் கர்த்தருக்குத் தும்மல் போகிறதே என்று தவித்தார். இருந்தாலும் குற்றத்தை விட்டுவிட்ட ஆறுதல் இருந்தது. அது திங்கட்கிழமை பத்து மணிவரை நீடித்தது.

சனிக்கிழமை விளைவு காணாமல் போய்விட்டது. கீர்த்திவாசன் மாடிப்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். குன்னூர் கொதித்தது. பொன்ராஜ் எல்லோரையும் ஃபேனுக்கு முன்னால் வரிசையில் நிறுத்தி, ஃபேனை அணைக்காமலே பேசியதால் பாதி காற்றோடு போனது. கிடைத்த பாதியின் சாரம் இது: யாரோ சனிக்கிழமைகளில் அனுமதியில்லாமல் எதையோ செய்திருக்கிறான், அதனால் இலை நன்றாக வந்திருக்கிறது, இப்போது அதை அனுமதியில்லாமல் நிறுத்தியும் இருக்கிறான். இரண்டுமே ஒழுங்கு மீறல். ஆள் யாரென்று தெரிந்தால் அன்றைக்கே வேலை காலி, முப்பது நாளில் வீடு காலி. இந்தச் சனிக்கிழமை நானும் பேராசிரியரும் நேரில் நின்று பார்க்கப் போகிறோம்.

கொர்னேலியஸுக்குக் கணக்குப் புரியவில்லை. செய்தது தப்பு, சரி. அப்படியானால் நிறுத்தியது எப்படித் தப்பு? நிறுத்தியது தப்பென்றால் செய்தது சரியல்லவா? செய்தது சரியென்றால் ஏன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்? கேட்டில் வாட்ச்மேன் ஆறுக்குட்டியிடம், பெயர் சொல்லாமல், யாரோ ஒருவரின் சந்தேகம்போல இதைக் கேட்டார். ஆறுக்குட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பதில் சொன்னார்.

"ஒண்ணு, அந்தாளு செஞ்சதுக்கு வேல போவும். இல்லாட்டி நிறுத்துனதுக்குப் போவும். எப்படியும் போறது போவுது, துணியாவது காயட்டுங்க."

கொர்னேலியஸ் அங்கேயே நின்றுவிட்டார். "துணின்னு உனக்கு ஆரு சொன்னது?"

"பத்தொம்போது வருசமா வெள்ளைக் கை ஒண்ணு உங்க சாக்குல இருந்து வெளிய தொங்கிட்டுப் போவுதுங்க. இலைக்குக் கை ஏதுங்க?"

சனிக்கிழமை வந்தது. காலையிலிருந்து விடாத மழை. பொன்ராஜ் கூடலூர் பஸ்ஸைத் தியாகம் செய்து மாடியில் நின்றார். கீர்த்திவாசன் லேப்டாப்பை இலைச் சாக்கு அடுக்கின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மணி இரண்டு. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டரை. ஃபேன் பக்கம் ஈரம், கடைசி முனை சருகு. பேராசிரியரின் முகமும் அந்தக் கடைசி முனைபோல் ஆகிக்கொண்டிருந்தது. அப்போது, ஆறுக்குட்டியின் தீர்ப்பைக் கணவர் வாயால் கேட்டிருந்த தபித்தாள், குடையைச் சுருக்காமல், சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தார். சாக்கிலிருந்து ஒரு வெள்ளைக் கை தொங்கியது.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?" என்று இலை கிளறிக்கொண்டிருந்த கணவரைக் கேட்டார்.

கொர்னேலியஸ் சொன்னார். அறுப்பின் பண்டிகையிலிருந்து தொடங்கினார். தும்மல்கள், சின்னக் கதவு, கம்பி, எதையும் விடவில்லை. கம்பெனி இலையைத் தொட்டதில்லை, கம்பெனிக் காற்றை மட்டும்தான் எடுத்தேன், அதையும் ஆறு மணிக்குத் திருப்பி விட்டுவிட்டேன் என்று முடித்தார். பொன்ராஜ் வாயைத் திறந்தார்.

ஆனால் கீர்த்திவாசன் முந்திக்கொண்டார். "எத்தனை அங்கி?"

"பதினாலுங்க சார்."

"எந்த வரிசையில?"

"கோயில்ல நிக்கிற வரிசைதானுங்க. சின்னது ஃபேனாண்ட. பெருசு கடைசீல."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. ஆயர் ஜெபிக்கிறபோது இருப்பதுபோலவே இருந்ததால் தபித்தாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கண் திறந்ததும், தொங்கவிடச் சொன்னார். கொர்னேலியஸ் உள்ளே தவழ்ந்தார். பின்னாலேயே, பேன்ட் முட்டி கறுக்க, கீர்த்திவாசனும் தவழ்ந்தார். வேறு வழியில்லாமல் டீமேக்கர் பொன்ராஜும் தவழ்ந்தார்.

உள்ளே அங்கிகள் கையை விரித்துக்கொண்டு, உப்பி, சுருங்கி, ஆளில்லாமலே பாடுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தன. ஓடிவருகிற காற்றைச் சின்ன அங்கிகள் கொஞ்சமாகவும் பெரிய அங்கிகள் அதிகமாகவும் மறித்து, வழியெல்லாம் பகிர்ந்து மேலே அனுப்பின. ஆடுகிற கைகள் அதைக் கலக்கிவிட்டன. இங்கே வருவதற்கு முன்பே தான் எட்டு மாதம் கணக்குப் போட்டும் கிடைக்காதது இதுதான் என்று கீர்த்திவாசன் சத்தமாகச் சொன்னார். அவர் வாயில் ஒரு கை வந்து அடித்தது. அவர் அதை மரியாதையோடு விலக்கினார்.

பொன்ராஜ் மட்டும் முதல் அங்கியின் கீழே அசையாமல் குத்துக்காலிட்டிருந்தார். காலரில் சிவப்பு நூலில் இருந்த பெயரை அவர் ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். கொர்னேலியஸ் பக்கம் திரும்பி, காற்றுச் சத்தத்தில் தனக்கே கேட்காத குரலில் கேட்டார்.

"எங்க ஊட்டம்மாவுக்கு இது தெரியுமா?"

"அவங்கதான் போன வருசம் புதுக் கம்பி வாங்கிக் குடுத்தாங்க சார்."

டீமேக்கர் வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். வேலை காலி, வீடு காலி என்று அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

அடுத்த புதன்கிழமை கொர்னேலியஸுக்கு ஒரே நாளில் இரண்டு கடிதம் வந்தது. முதலாவது எஸ்டேட் அலுவலகத்திலிருந்து. கம்பெனிக்குச் சொந்தமான சூடான காற்றைப் பத்தொன்பது ஆண்டுகள் மத சம்பந்தமான காரியத்துக்குப் பயன்படுத்தியதற்காக ஒரு வாரம் சஸ்பெண்ட். ஏன் வேலைநீக்கம் செய்யக்கூடாது என்பதற்கு மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். இரண்டாவது குன்னூரிலிருந்து. காற்றோட்ட மேம்பாட்டில் அன்னாரின் பங்களிப்பைப் பாராட்டி, நான்கு டிரஃப்புகளிலும் துணித் தடுப்புகள் அமைக்கிற பணிக்கு உடனடியாகப் பொறுப்பேற்கச் சொல்லி, சம்மதத்தை மூன்று நாளில் எழுத்துமூலம் கேட்டது.

கணவனும் மனைவியும் இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தார்கள். முதலாவதற்கு எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். குற்றவாளி எப்படிப் பொறுப்பேற்பது? இரண்டாவதற்கு எழுதினால் பெருமையை ஒப்புக்கொண்டதாகும். பெருமைக்குரியவர் எப்படி மன்னிப்புக் கேட்பது? கெஸியாவுக்குப் போன் போட்டார்கள். அவள் டியூட்டியில் இருந்தாள். அப்பாவுக்குக் காய்ச்சலா என்று மட்டும் கேட்டாள். கடைசியில் தபித்தாள்தான் ஒரே கடிதத்தை இரண்டு பிரதி எழுதச் சொன்னார்.

"ஐயா, அங்கிகளைத் தொங்கவிட்டது நான்தான். இனி தாங்கள் சொல்கிறபடி நடந்துகொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள கொர்னேலியஸ்."

எஸ்டேட் அலுவலகம் அதை மன்னிப்பாக ஏற்றுக்கொண்டு, புள்ளி வைக்காமல் கோப்பை மூடியது. குன்னூர் அதைச் சம்மதமாக ஏற்றுக்கொண்டு, புதிய கோப்பு திறந்தது. சஸ்பென்ஷன் வாரத்தில் கேட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பதால், சனிக்கிழமை மத்தியானம் கம்பெனி ஜீப் லைனுக்கு வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. கால் படவில்லை, டயர்தான் பட்டது என்று ஆறுக்குட்டி பதிவேட்டில் எழுதினார்.

கம்பெனி முதலில் காசு கொடுத்து ஒரே அளவில் சதுரத் துணிகளாக வாங்கி மாட்டிப் பார்த்தது. வேலைக்காகவில்லை. அளவு ஏறிக்கொண்டே போக வேண்டும், கையும் இருக்க வேண்டும் என்று கீர்த்திவாசன் எழுதிக் கொடுத்தார். தைக்கிற ஆர்டர் தபித்தாளுக்கு வந்தது. ஐம்பத்தாறு அங்கி. காலரில் பெயருக்குப் பதிலாக டிரஃப் நம்பரும் வரிசை நம்பரும்.

இப்போது ஒரு புதுச் சங்கடம். கம்பிகளிலெல்லாம் கம்பெனி அங்கிகள் தொங்குவதால் சபை அங்கிகளுக்கு இடமில்லை. கொர்னேலியஸ் எழுத்துமூலம் அனுமதி கேட்டார். வெளித் துணிகளை டிரஃப்புக்குள் கொண்டுவருவது ஒழுங்கு மீறல் என்று டீமேக்கர் பொன்ராஜ் எழுத்துமூலம் பதில் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். பாடகர் குழு காய்ந்த அங்கிகளில் எழுந்து நின்றது. அவருடைய மனைவியின் காலரில் '4/1' என்றும், பேக்கரி ரெனிஷின் காலரில் '4/14' என்றும் சிவப்பு நூல் தெரிந்தது. பொன்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு, யாரும் தும்மாத அந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்டார்.

பின்வரிசையில் கொர்னேலியஸ் மனைவியின் காதருகே குனிந்து, நாலாம் நம்பருக்குள் இப்போது தொங்கிக்கொண்டிருப்பது யாருடையது என்று கேட்டார். சபையுடையதுதான், ஈரத்தோடு தொங்கவிட்டு வந்தேன், சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்றார் தபித்தாள்.

"அப்பொ நாம கம்பெனியோடதைத் திருடிருக்கறமா, கம்பெனிக்கு நம்மோடதைக் குடுத்திருக்கறமா?"

"பாட்டைக் கேளுங்க," என்றார் தபித்தாள்.